இதுவும் ஒரு பழங்கல் படி: திருப்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஊர்க் கோயில்களின் திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நான் பழைய கோயில்களைப் படம் எடுப்பவன். இது எனக்குத் தொழில் இல்லை. சனி, ஞாயிறு ஓய்வு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன், பல வருடங்களாக இப்படித்தான். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்று, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோயிலில் திருப்பணி தொடங்கும் முன்னால், சாரம் கட்ட முதல் கம்பை ஊன்றும் முன்னால், கோயிலின் ஒவ்வொரு சுவரையும் தூணையும் கூரையையும் முழுதாகப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். யாராவது எடுக்கிறேன் என்று வந்து நின்றால் விரட்டாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு தவறு உண்டு. காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் ஒரு சின்னச் சிவன் கோயில், ஊர்ப் பெயர் வேண்டாம். முதல் முறை போனபோது குருக்கள் மட்டும் இருந்தார், சுற்றிலும் நெருஞ்சி முள். தெற்குக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி அவ்வளவு அழகு, காலடியில் கிடக்கும் முயலகனின் முகத்தில்கூட ஒரு களைப்பு தெரியும். அவரை மட்டுமே நாற்பது படம் எடுத்தேன். அவருக்குக் கீழே, கோயில் அடித்தளத்தின் கல் பட்டைகளான குமுதத்திலும் ஜகதியிலும் வரிவரியாகக் கல்வெட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரியாததை எடுத்து என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். சிற்பத்தை எடுத்த படத்தின் ஓரத்தில் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவுதான்.

ஆறு வருடம் கழித்து, குடமுழுக்கு முடிந்த பிறகு மறுபடி போனேன். முள் இல்லை, விளக்கு எரிந்தது, பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பிராகாரத் தரையை ஒன்றரை அடி உயர்த்தி கிரானைட் பதித்திருந்தார்கள். ஜகதி முழுக்கத் தரைக்குள் போய்விட்டது. குமுதத்தில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்திருந்தார்கள், அது கூடாது என்று தடை இருந்தும். கல் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது, எழுத்தின் விளிம்புகள் எல்லாம் மழுங்கிப் போயிருந்தன. கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் என்னுடைய பழைய படங்களின் ஓரங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தார். 'நொந்தா விளக்கு' என்று ஒரு துண்டு கிடைத்தது, 'சாவா மூவாப் பேராடு' என்று இன்னொரு துண்டு. ஒரு விளக்கு அணையாமல் எரிவதற்காக யாரோ ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்று செத்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும், எண்ணிக்கை குறையவே கூடாது, அதனால்தான் அவை சாகாத, மூப்படையாத ஆடுகள். கொடுத்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் என் படம் முடிந்துவிடுகிறது.

நீங்கள் உபயதாரர்களை மதிக்கிறவர்கள். குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயரைக்கூட எழுதி வைப்பீர்கள், எழுதத்தான் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் விளக்கு வைத்தவரும் உங்கள் உபயதாரர்தானே? அவர் பெயர் கிரானைட்டுக்கு அடியில் கிடக்கிறது. நான் கேமராவை இரண்டு அடி தாழ்த்திப் பிடித்திருந்தால் அந்தப் பெயராவது மிஞ்சியிருக்கும்.

திருப்பணிக்கு முன்னால் படி எடுத்து வைப்பது நான் புதிதாகச் சொல்லும் யோசனை இல்லை. செம்பியன் மாதேவியாரை உங்களில் பலருக்குத் தெரியும், கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனின் தாய். பத்தாம் நூற்றாண்டில் சோழநாட்டுச் செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றியவர். திருக்கோடிக்காவல் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, பழைய கட்டடத்தைச் சேர்ந்த கற்களில் பழைய சாசனங்கள் இருந்தன, பல்லவர் காலத்தவையும் அவற்றில் உண்டு. அந்த அரசர்கள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆட்சியே மாறிவிட்டது. அந்த அம்மையார் நினைத்திருந்தால் அந்தக் கற்களை அஸ்திவாரத்தில் போட்டு மூடியிருக்கலாம். அவற்றைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். அப்படி வெட்டியவற்றில் 'இதுவும் ஒரு பழங்கல் படி' என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். அதாவது இது புதிதாக எழுதியது இல்லை, பழைய கல்லில் இருந்ததன் நகல் என்று பின்னால் வருபவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். உளியும் சுத்தியலும் கொண்டு எழுத்து எழுத்தாகச் செய்த வேலை அது. இன்று அதே காரியத்தை ஒரு கைபேசி அரை நாளில் செய்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலையும் சொல்ல வேண்டும். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர், மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். அப்போது பிலிம் கிடையாது. மெழுகு ஏற்றிய காகிதத்தில்தான் நெகட்டிவ். நம் ஊர் வெயிலில் பெரிய பெட்டிக் கேமராவையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைவது என்பதை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது. கோபுரம், நந்தி எல்லாம் எடுத்தார், அதை யாரும் எடுப்பார்கள். அவர் செய்த பெரிய காரியம், விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியதுதான். எழுத்து அவருக்குப் புரிந்து எடுக்கவில்லை. இருந்தாலும் பொறுமையாக வரிசையாக எடுத்திருக்கிறார். புரியாததை எடுத்து என்ன செய்வது என்று நான் விட்டதற்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரிகிறது.

அந்தக் காலத்தில் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பதே குழப்பம். கரிகாலன் என்பார்கள், கிருமிகண்ட சோழன் என்று தலபுராணக் கதை சொல்வார்கள். 1886-ல் அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ட்ஸ் அந்தச் சுவர்களைப் படித்த பிறகுதான் கட்டியது முதலாம் இராஜராஜன் என்று உறுதியானது. 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரம்' என்று அரசனே சொன்னது சுவரிலேயே இருந்தது. நாம் கொடுத்ததும், அக்கன் (அவனுடைய தமக்கை) கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று அவன் ஆணையிட்டிருக்கிறான். அந்த 'மற்றும் கொடுத்தவர்கள்' என்ற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். அவ்வளவு பெரிய அரசன், தன் பெயரோடு மற்றவர்கள் கொடுத்ததையும் விடாமல் எழுதச் சொல்கிறான். அந்தச் சுவர் அப்படியே நின்றதால் நமக்கு இது கிடைத்தது. நடுவில் ஒரு திருப்பணியில் யாராவது அந்த அதிட்டானத்துக்கு, அதாவது அடித்தளத்துக்கு, சிமெண்டு பூசியிருந்தால் இன்றும் நாம் கரிகாலன் கட்டினான் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது அந்தக் கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல், மூன்றே வருடம் கழித்து. அந்தக் கற்களில் என்னென்ன இருந்தன என்று காட்ட ஒரு படம்கூட நமக்கு இல்லை. அவர்களிடம் கேமரா இல்லை என்றாவது சொல்லலாம்.

எங்கள் கோயில் சின்னக் கோயில், இதில் என்ன பெரிய வரலாறு இருக்கப்போகிறது என்று கேட்பீர்கள், நிறைய ஊரில் கேட்டிருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலுக்குப் போய்ப் பாருங்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம், அங்கே பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று, 1068 வாக்கில் வெட்டியது. 15 படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலை அங்கே நடந்திருக்கிறது, ஆஸ்பத்திரிதான். வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர் அதாவது அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், இவர்களுக்கு என்ன சம்பளம், என்னென்ன மருந்து இருப்பு வைக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. அரண்மனைச் சுவடியில் இருந்து கிடைத்த செய்தி இல்லை இது, ஆற்றங்கரைக் கோயில் ஒன்றின் சுவரில் இருந்தது. உங்கள் கோயில் சுவரில் ஏரிக்கு மதகு வைத்தவர் பெயர் இருக்கலாம், ஊர்ச்சபை கூடிய கணக்கு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் வெறும் கல்லாகவும் இருக்கலாம். வெறும் கல் என்று தெரிந்தாலும் நல்லதுதான், தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையின் வடிவத்தைப் பார்த்தே இது எந்தக் காலத்துக் கட்டடம் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு வழியில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பது 1931-ல்தான் வெளியே தெரிந்தது, கண்டுபிடித்தவர் எஸ்.கே. கோவிந்தசாமி. பல தலைமுறைகளாக ஒரு பூச்சுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. உங்கள் மண்டபத்துக் கூரையில் கரி படிந்து, திட்டுத் திட்டாகச் சிவப்பும் மஞ்சளும் தெரிந்தால் அதைச் சுரண்டச் சொல்லாதீர்கள், மேலே வெள்ளையடிக்கவும் சொல்லாதீர்கள், முதலில் படம் எடுத்து ஓவியம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். விமானத்தின் சுதைச் சிற்பங்களும் அப்படித்தான். நான் படம் எடுத்த கோயில்களில், எனாமல் வண்ணம் அடித்த பிறகு பழைய முகம் போய் எல்லா முகமும் ஒரே முகமாக ஆகியிருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

சரி, படம் எடுத்தால் சிலைத் திருடனுக்கு வழி காட்டினதாகிவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான், அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் நடந்தது என்ன என்று பாருங்கள். அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் திருடுபோய், 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது நம்முடையது என்று எதை வைத்து நிரூபித்தோம்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-ல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த படங்கள் முக்கியமான சான்றாக நின்றன. 2014-ல் நடராசர் திரும்பி வந்தார். அதே நேரத்தில் திரும்பி வந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரருக்கும் அதே நிறுவனத்தின் படம்தான் சாட்சி. 1956 முதல் ஊர் ஊராகப் போய் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவர்களிடம் இருக்கின்றன. திருடனுக்குப் படம் தேவையே இல்லை, அவன் நேரில் வந்து பார்த்துக்கொள்வான். படம் இல்லாததால் கஷ்டப்படுவது போனதைத் தேடுகிற நாம்தான்.

இன்னொரு தடை, கைபேசி. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொன்னது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சன்னதி முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட வந்தவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது, மண்டபத்தில் ஆடிப்பாடி வீடியோ எடுப்பது, தூணில் ஏறி நிற்பது, இதையெல்லாம் நானே பார்த்துக் கூசியிருக்கிறேன். எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு. மூலவரை எடுக்கக் கூடாது என்றால் எடுக்கக் கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. நான் கேட்பது வெளிச்சுவரை, அதிட்டானத்தை, தூண்களை, கூரையை. எழுத்தில் விண்ணப்பம் வாங்குங்கள், அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நடை சாத்தியிருக்கும் பகல் நேரத்தில் வரச் சொல்லுங்கள், கூடவே ஒருவரை நிறுத்துங்கள், எடுத்த படம் அத்தனையிலும் ஒரு நகல் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போ என்று கட்டளை போடுங்கள். உண்மையாக ஆவணப்படுத்த வருகிறவன் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்வான்.

எப்போது எடுப்பது என்றால், பாலாலயம் முடிந்து வேலை தொடங்குவதற்கு நடுவில் கிடைக்கும் நாட்கள். சக்தியைக் கலசத்துக்கோ அத்திப்பலகைக்கோ மாற்றியிருப்பீர்கள், வழிபாடு வேறு இடத்தில் நடக்கும், பிராகாரத்தில் கூட்டம் இருக்காது. எந்தச் சுவருக்கு எந்த மாதம் என்பதும் இருக்கிறது. கல்வெட்டு நேர் வெயிலில் தெரியாது, பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் வெளிச்சத்தில்தான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து படிக்க முடியும். கிழக்குப் பார்த்த கோயில் என்றால் மார்கழிக் காலை வெயில் தெற்குச் சுவரை அப்படித்தான் உரசும். வடக்குச் சுவரில் ஐப்பசி முதல் மாசி வரை வெயில் விழவே விழாது, ஆனால் ஆனி மாத உச்சி வெயில் நம் பக்கத்தில் சற்று வடக்கே சாய்ந்து, மேலிருந்து கீழாக அந்தச் சுவரை வழித்துக்கொண்டு இறங்கும். ஒருமுறை அதற்காகவே காத்திருந்து எடுத்தேன், பத்து நிமிடத்துக்கு முன்னால் வெறும் கல்லாக இருந்த இடத்தில் முழுசாக நான்கு வரி எழுந்து வந்தது. மாதம் ஒத்துவராவிட்டால் கவலை வேண்டாம், இருட்டிய பிறகு ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கத்தில் இருந்து அடித்தால் போதும்.

எடுக்க என்னைப் போன்றவர்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் போதும். சுவருக்கு நேர் எதிரே நின்று, சாய்க்காமல், இடது கோடியில் இருந்து வலது கோடி வரை, ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் ஓர் அளவுகோலை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுவரும் எங்கே தொடங்குகிறது, எந்தத் தேதி என்று ஒரு காகிதத்தில் எழுதி அதையும் முதல் படமாக எடுத்துவிடட்டும், இதைச் செய்யாமல் விட்டு எது எந்தச் சுவர் என்று தெரியாமல் நான் வருடக்கணக்கில் முழித்திருக்கிறேன். அப்புறம் மண்ணோ தரையோ மூடிய இடம் இருந்தால் ஒரு அடி தோண்டிப் பாருங்கள், ஜகதியின் கீழ் வரிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படங்களை ஒரே கைபேசியில் விட்டுவிடாதீர்கள், கோயில் அலுவலகத்தில் ஒரு நகல், பள்ளிக்கூடத்தில் ஒரு நகல், பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு ஒரு நகல்.

தரையை உயர்த்தியே ஆக வேண்டும், மழைத்தண்ணீர் நிற்கிறது என்றால் அதையும் நான் புரிந்துகொள்கிறேன், கோயில் புழக்கத்தில் இருக்க வேண்டிய இடம். அதிட்டானத்தை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்கு மட்டும் பள்ளமாக விட்டு, வடிகால் வைத்து, மீதி இடத்தை உயர்த்திக்கொள்ளலாம். சில கோயில்களில் அப்படிச் செய்திருக்கிறார்கள், சுவரும் தெரிகிறது, தண்ணீரும் நிற்பதில்லை. உங்கள் ஸ்தபதியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இந்த மடலை உங்கள் அடுத்த கூட்டத்தில், நன்கொடைக் கணக்கைப் பேசும் முன்னால் ஒரு முறை படித்துக்காட்டுங்கள். பாலாலயத்துக்கு நாள் குறித்ததும் அதே தாளில் படம் எடுக்கவும் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். அந்த நாளில் கோயில் சாவியும் ஒரு ஏணியும் கிடைத்தால் போதும், மற்றதை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிராகாரத்தில் எப்போதோ ஒரு நாள் கேமராவோடு நின்றிருந்த ஒருவன்